ஓராண்டு ஒப்பந்தத்தில் கடல் கடந்தவர்: காந்தியடிகளும் தாதா அப்துல்லா நிறுவனமும்

நமது சங்கத்தின் பொன்விழா மலரில் காந்தியடிகளின் வாழ்க்கையா என்று சிலர் கேட்கலாம். உப்பும் ராட்டையும் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டன, இனிச் சொல்ல என்ன இருக்கிறது என்றும் தோன்றலாம். கடை நடத்தி, ஊரிலிருந்து ஆள் எடுத்து, அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அவருடைய வாழ்க்கையில் வேறொரு பக்கம் கண்ணில் படுகிறது. அவர் கடல் கடந்து முதன்முதலில் வேலைக்குப் போனது ஒரு முஸ்லிம் வணிக நிறுவனம் அனுப்பிய அழைப்பின் பேரில்தான். அந்த நிறுவனம் அவரை எப்படி வரவழைத்தது, எப்படி வைத்திருந்தது, குடிநுழைவுச் சட்டங்கள் இறுகியபோது எப்படி அவர் பக்கம் நின்றது என்பதெல்லாம் வெளிநாட்டு ஊழியர்களை வைத்திருக்கும் நமது குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை.

வருமானம் இல்லாத பாரிஸ்டர்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். 1888இல் லண்டனுக்குப் படிக்கப் போய், 1891இல் பாரிஸ்டராகத் திரும்பினார். பம்பாயில் வழக்கு கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றிலும் நீதிமன்றத்தில் வாய் வரவில்லை. ராஜ்கோட்டுக்குத் திரும்பி, பிறருக்கு மனு எழுதிக் கொடுத்து நாளை ஓட்டினார். படிக்க வைத்த அண்ணனுக்குக் கடன் இருந்தது. மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் போர்பந்தரின் மேமன் வணிகக் குடும்பம் ஒன்றிடமிருந்து அவருடைய அண்ணனுக்கு ஒரு செய்தி வந்தது. தாதா அப்துல்லா நிறுவனத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் பெரிய வணிகம். உறவினரான தய்யிப் சேட் மீது டிரான்ஸ்வாலில் 40,000 பவுண்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஐரோப்பிய வழக்கறிஞர்களுக்குக் குஜராத்திக் கணக்கும் கடிதமும் புரியாது. இரு மொழியும் தெரிந்த ஒருவர் உடனிருந்து விளக்க வேண்டும். நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. ஓராண்டுக்கு மேல் வேலை இராது. போகவர முதல் வகுப்புக் கப்பல் கட்டணம் நிறுவனத்துடையது. தங்குமிடமும் சாப்பாடும் நிறுவனத்துடையவை. அவற்றுக்கு மேல் 105 பவுண்டு.

பாரிஸ்டர் ஒருவருக்கு அது பெரிய ஊதியம் அல்ல. வழக்கறிஞராகப் போவதைவிட நிறுவனத்தின் ஊழியராகப் போவது போலத்தான் அது என்று காந்திக்கே தெரிந்திருந்தது. ஆனால் என்ன வேலை, எவ்வளவு காலம், எவ்வளவு பணம், திரும்பும் வழி என்ன என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. 1893 ஏப்ரலில் கப்பல் ஏறினார். மே மாதம் டர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது தாதா அப்துல்லாவே வந்து அழைத்துப் போனார்.

வரவழைத்தவரின் பொறுப்பு

முதல் சில நாள்கள் முதலாளிக்கே குழப்பம். ஐரோப்பிய உடையும் பழக்கமுமாக வந்து நின்ற இந்த இளைஞருக்கு என்ன வேலை கொடுப்பது, இவரை நம்பலாமா என்று தெரியவில்லை. வழக்கு நடப்பதோ தொலைவில் உள்ள பிரிட்டோரியாவில். இருந்தும் அவரைத் தம்முடன் தங்க வைத்தார், நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனார், ஊர் வணிகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். தாதா அப்துல்லா அதிகம் படித்தவர் அல்ல. வங்கி மேலாளர்களோடும் ஐரோப்பிய வணிகர்களோடும் பேசிக் காரியம் முடிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வைத்திருந்தார். அனுபவ அறிவு மிகுந்தவர்.

பிரிட்டோரியா பயணம் எல்லாரும் அறிந்த கதை. நிறுவனம் முதல் வகுப்புச் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தும், மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் அவரை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். குளிரில் இரவு முழுவதும் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தார். அதற்கு மறுநாள் நடந்ததைப் பாடப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. காந்தியின் தந்தி கிடைத்ததும் தாதா அப்துல்லா ரயில்வேயின் பொது மேலாளரை நேரில் போய்ப் பார்த்தார். மாரிட்ஸ்பர்க் வணிகர்களுக்கும் வழியிலிருந்த மற்ற ஊர்க்காரர்களுக்கும் தந்தி அடித்தார். அவர்கள் நிலையத்துக்கே வந்து காந்திக்கு ஆறுதல் சொன்னார்கள். பிறகு குதிரை வண்டிப் பயணத்தில் அடி வாங்கி ஸ்டாண்டர்டனில் இறங்கியபோதும், அழைத்துப் போக ஆட்கள் காத்திருந்தார்கள். அதுவும் தாதா அப்துல்லா அடித்த தந்தியால்தான்.

ஊழியருக்கு வழியில் ஓர் ஆபத்து என்றால் அது தம்முடைய காரியம் என்று அந்த முதலாளி நினைத்தார். அப்படி நினைக்கும்படி எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

காந்தியும் தம் பங்கைச் செய்தார். வழக்கு முழுவதும் கணக்கு. கணக்கோ அவருக்குத் தெரியாது. கணக்குப் பதிவு பற்றிய புத்தகம் ஒன்றை வாங்கிப் படித்தார். கட்டுக் கட்டாக இருந்த கடிதங்களையும் கடன் பத்திரங்களையும் வரிவரியாகப் பார்த்தார். வழக்கு நீண்டால் இரு தரப்பும் வழக்கறிஞர் செலவிலேயே அழிந்துபோகும் என்று கண்டு, நடுவர் தீர்ப்புக்கு இருவரையும் இணங்க வைத்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகமாக வந்தது. 37,000 பவுண்டும் செலவுத் தொகையும் தர வேண்டும். ஒரே தவணையில் கேட்டால் தய்யிப் சேட் நொடித்துப் போவார். அந்தச் சமூகத்தில் நொடிப்பு என்பது மானம் போகும் காரியம். நீண்ட காலத் தவணைக்குத் தாதா அப்துல்லாவைச் சம்மதிக்க வைத்தார் காந்தி. அதற்குத்தான் அதிகம் பாடுபட வேண்டியிருந்தது. வென்றவர் பணத்தைப் பெற்றார், தோற்றவர் கடையைக் காப்பாற்றிக்கொண்டார், உறவும் அறுந்து போகவில்லை.

அதே கடல், வேறு காகிதம்

ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்ப டர்பனுக்கு வந்தார். வழியனுப்பு விருந்து நடந்துகொண்டிருக்கையில், நேட்டால் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா பற்றிய செய்தி அவர் கண்ணில் பட்டது. வணிகர்கள் அவரைத் தங்கச் சொன்னார்கள். பொதுப்பணிக்குக் கூலி வாங்க மாட்டேன் என்றார் அவர். ஏறத்தாழ 20 வணிகர்கள் தங்கள் வழக்கு வேலைகளை ஓராண்டுக்கு அவரிடம் ஒப்படைத்து, முன்பணம் கொடுத்தார்கள். பயணப் பரிசாகத் தர நினைத்திருந்த பணத்தில் தாதா அப்துல்லா வீட்டுச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தார். 1894 ஆகஸ்ட் 22இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அமைந்தது. அதன் முதல் தலைவர் தாதா அப்துல்லா.

ஆனால் நேட்டாலுக்குப் போன இந்தியரில் பெரும்பாலோர் இப்படி மரியாதையாக வரவழைக்கப்பட்டவர்கள் அல்லர். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை, கரும்புத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் சுமார் 1,52,000 பேர் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களும் அவர்களில் அதிகம். ஐந்தாண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். முதலாளியைவிட்டு அனுமதியின்றிப் போனால் அது குற்றம், சிறை. சாமி என்று முடியும் தமிழ்ப் பெயர்களைக் கேட்ட வெள்ளையர்கள், எல்லாரையும் சாமி என்றே கேலியாக அழைத்தார்கள். அந்த ஏளனத்தோடு கலந்துவிடாமல் இருக்க முஸ்லிம் வணிகர்கள் தங்களை அரபியர் என்று சொல்லிக்கொண்டதும் உண்டு.

ஒரு நாள் பாலசுந்தரம் என்ற தமிழர் காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். கிழிந்த உடை, உடைந்த இரு முன்பற்கள், வாயில் ரத்தம், கையில் தலைப்பாகை. முதலாளி அடித்திருந்தார். வெள்ளையரைப் பார்க்கப் போகும்போது தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது ஒப்பந்தக் கூலிகளுக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. காந்தி முதலில் அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். அலுவலகத்தில் இருந்த தமிழ் எழுத்தர் மூலம் நடந்ததைக் கேட்டறிந்தார். மருத்துவரிடம் சான்று வாங்கி, நடுவர் முன் நிறுத்தினார்.

முதலாளியைத் தண்டிக்க வேண்டும் என்பது காந்தியின் நோக்கமல்ல. பாலசுந்தரம் அந்த இடத்தைவிட்டு வெளியேற வேண்டும். சட்டத்தில் இரண்டே வழிகள்தான் இருந்தன. ஒப்பந்தத்தை ரத்து செய்வது ஒன்று, வேறு முதலாளிக்கு மாற்றுவது மற்றொன்று. இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளை வைத்துக்கொள்ள முடியாது என்பதால், நல்ல ஐரோப்பியர் ஒருவரைத் தேடிப் பிடித்து அவரிடம் மாற்றிக் கொடுத்தார். செய்தி தோட்டமெங்கும் பரவியது. அதுவரை வணிகர்களின் வழக்கறிஞராக இருந்தவர், கூலிகளுக்கும் வேண்டியவரானார். 1896இல் அவர் சென்னை பச்சையப்பன் மண்டபத்தில் பேசியபோது கூட்டத்தை நெகிழ வைத்ததும் பாலசுந்தரத்தின் கதைதான்.

காந்தி, பாலசுந்தரம் இருவரும் கடல் கடந்து வந்தது பிறருக்கு வேலை செய்யத்தான். ஒருவர் கையில் இருந்த காகிதத்தில் திரும்பும் வழி எழுதியிருந்தது. மற்றவர் கையில் இருந்த காகிதம் அவரை ஒரே ஆளோடு கட்டிப்போட்டிருந்தது.

மூன்று வாரங்களுக்கும் மேல் கடலில்

1895இல் நேட்டால் அரசு மற்றொரு சட்டம் போட்டது. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும், மீண்டும் ஒப்பந்தம் எழுதாமலும் அங்கேயே வாழ விரும்புகிறவர் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். கேட்க நினைத்ததோ 25 பவுண்டு. மாதம் 14 ஷில்லிங் வாங்கியவருக்கு 3 பவுண்டு என்பது நான்கு மாதச் சம்பளத்துக்கும் மேல். மனைவிக்கும், 16 வயது தாண்டிய மகனுக்கும், 13 தாண்டிய மகளுக்கும் தனித்தனியே கட்ட வேண்டும்.

குடும்பத்தை அழைத்து வர 1896இல் இந்தியா சென்ற காந்தி, ஆண்டு இறுதியில் கூர்லண்ட் கப்பலில் புறப்பட்டார். அது தாதா அப்துல்லா நிறுவனம் அப்போதுதான் வாங்கிய கப்பல். காந்தி குடும்பத்துக்குக் கட்டணம் வாங்கவில்லை. நாதிரி என்ற மற்றொரு கப்பலும் உடன் வந்தது. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 800 பயணிகள். டிசம்பர் 18 அன்று டர்பனை அடைந்தபோது, பிளேக் நோயைக் காரணம் காட்டிக் கப்பல்களைக் கடலிலேயே நிறுத்தினார்கள். நகரத்தில் வெள்ளையர்கள் தினந்தோறும் கூட்டம் போட்டார்கள். பயணிகளைத் திருப்பி அனுப்பினால் இழப்பை ஈடு செய்கிறோம் என்று நிறுவனத்துக்கு ஆசை காட்டினார்கள், மிரட்டவும் செய்தார்கள்.

கப்பல் சும்மா நின்றால் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நட்டம் என்பது வணிகர்களுக்குத் தெரியும். நிறுவனம் அசையவில்லை. தன்னை நம்பிச் சீட்டு வாங்கியவர்களை இறக்காமல் திருப்ப மாட்டோம் என்று நின்றது. மூன்று வாரங்களுக்கும் மேல் காத்திருந்த பின், 1897 ஜனவரி 13 அன்று பயணிகள் இறங்கினார்கள். அன்று காந்தியைக் கூட்டம் தாக்கியது. காவல்துறைத் தலைவரின் மனைவி அலெக்சாண்டர் அம்மையார் குறுக்கே புகுந்து காப்பாற்றினார். பார்சி ருஸ்தம்ஜியின் வீடு அடைக்கலம் கொடுத்தது. அடித்தவர்கள் மீது வழக்குப் போட காந்தி மறுத்துவிட்டார்.

சட்டம் இறுகியது

அதே 1897இல் நேட்டாலில் குடிநுழைவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதில் இந்தியர் என்ற சொல் இல்லை. புதிதாக வருகிறவர் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுத வேண்டும், அவ்வளவுதான். குஜராத்தியிலோ தமிழிலோ எத்தனை திறமையாகக் கணக்கு எழுதினாலும் அந்தக் கடைப்பையன் உள்ளே வர முடியாது. முன்பே குடியிருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்குச் சான்று வேண்டும். உடன் வந்த வணிக உரிமச் சட்டம், கணக்குகளை ஆங்கிலத்தில் வைக்கச் சொன்னது. உரிமத்தை மறுத்தால் நீதிமன்றம் போகவும் வழியில்லை. பெயர் சொல்லாமல் ஆள் தடுக்கும் இந்த மொழித் தேர்வு முறையை 1901இல் ஆஸ்திரேலியாவும் எடுத்துக்கொண்டது.

1901இல் காந்தி ஊர் திரும்பும்போது நேட்டால் இந்தியர்கள் தங்கமும் வைரமுமாகப் பரிசளித்தார்கள். கஸ்தூரிபா அம்மையாரின் மனவருத்தத்துக்கிடையே அனைத்தையும் சமூகத்துக்கான அறக்கட்டளையில் சேர்த்தார். அடுத்த ஆண்டே மீண்டும் அழைப்பு வந்தது. இம்முறை ஜோகானஸ்பர்க்கில் தங்கினார். 1903இல் இந்தியன் ஒப்பீனியன் இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் தொடங்கியது.

1906இல் டிரான்ஸ்வாலில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இந்தியரும் கைரேகை பதிந்து சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் முன்வந்தது. செப்டம்பர் 11இல் ஜோகானஸ்பர்க்கின் எம்பயர் அரங்கில் சுமார் 3,000 பேர் கூடினார்கள். இறைவனைச் சாட்சியாக வைத்து உறுதி எடுக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் சேட் ஹாஜி ஹபீப். அங்கிருந்துதான் சத்தியாகிரகம் பிறந்தது. 1908 ஆகஸ்டில் ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் 2,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் கொளுத்தப்பட்டன.

வணிகர்களில் அகமது முகமது காச்சலியாவை நாம் மறக்கக் கூடாது. போராட்டத்தைவிட்டு விலகாவிட்டால் கடனை உடனே கட்ட வேண்டும் என்று ஐரோப்பிய மொத்த வியாபாரிகள் நெருக்கினார்கள். சரக்கும் சொத்தும் கடனுக்குப் போதுமான அளவு இருந்தன. ஆனாலும் கடையை இழந்து திவாலாக நின்றார். கடன் கொடுத்தவர்களுக்கோ முழுத் தொகையும் போய்ச் சேர்ந்தது.

தமிழர்கள் இன்னும் முன்னே நின்றார்கள். தம்பி நாயுடு பலமுறை சிறை சென்றார். நாராயணசாமி என்பவரை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். திரும்பி வந்தவரை எந்தத் துறைமுகத்திலும் இறங்கவிடவில்லை. கப்பலிலேயே அலைக்கழிக்கப்பட்டு, 1910இல் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார்.

வீட்டுக்குள் வந்த சட்டம்

1913 மார்ச் 14இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி செர்ல் ஒரு தீர்ப்பளித்தார். ஒரு முஸ்லிம் தம் மனைவியை அழைத்து வந்த வழக்கு அது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவு செய்யப்படாத திருமணம் செல்லாது என்றது தீர்ப்பு. ஒரே நாளில் நிக்காஹ் செய்த மனைவியரும் தாலி கட்டிய மனைவியரும் சட்டத்தின் கண்ணில் மனைவியராக இல்லாமல் போனார்கள். பிள்ளைகளின் உரிமையும் ஆட்டம் கண்டது.

பெண்கள் களத்தில் இறங்கினார்கள். ஜோகானஸ்பர்க் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய்ப் பேச, தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் காந்தியின் தலைமையில் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தார்கள். நான்கு நாளில் மூன்று முறை அவரைக் கைது செய்தார்கள். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 16 வயதில், 1914 பிப்ரவரி 22 அன்று மறைந்தார்.

அவ்வாண்டே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுண்டு வரி ஒழிந்தது. ஒரு மனைவியுடன் நடந்த திருமணங்கள் ஏற்கப்பட்டன. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. படித்த இந்தியர் மிகச் சிலர் வரலாம் என்ற அளவோடு நின்றது. வணிக உரிமச் சிக்கலும் தீரவில்லை. வணிகர்களில் சிலருக்கு அந்த மனக்குறை இருந்தது. அது நியாயமான குறைதான்.

1914 ஜூலை 18இல் காந்தி தென்னாப்பிரிக்காவைவிட்டுப் புறப்பட்டார். ஓராண்டுக்கு வந்தவர், இடையில் ஊர் போய் வந்த காலம் நீங்கலாகவும் இருபது ஆண்டை ஒட்டி அங்கே இருந்துவிட்டார். 1915 ஜனவரி 9 அன்று பம்பாயில் இறங்கினார். அதே ஆண்டு தரங்கம்பாடிக்கும் வந்து, அந்தப் போராட்டத்தில் நின்ற தமிழர்களின் மண்ணைப் பார்த்தார். இந்திய விடுதலைக்காக அவர் உழைத்ததும், 1948 ஜனவரி 30இல் சுடப்பட்டு மறைந்ததும் உலகம் அறிந்தவை.

நம் கையிலுள்ள காகிதம்

மலாயாவிலும் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. 1910இல் அது நின்றது. அதன் பிறகும் நம் பெரியவர்கள் பலர் கடையநல்லூர், தென்காசி, கூத்தாநல்லூர், நாகூர், தொண்டி என்று பல ஊர்களிலிருந்தும் யாரோ ஒரு முதலாளி அனுப்பிய கடிதத்தை நம்பித்தான் சிங்கப்பூருக்கு வந்தார்கள். இன்று அந்தக் கடிதத்தை அனுப்பும் இடத்தில் நாம் இருக்கிறோம்.

சட்டம் இப்போது தெளிவாகவே இருக்கிறது. மலேசியர் அல்லாத ஒவ்வொரு வேலை அனுமதி ஊழியருக்கும் 5,000 வெள்ளி பிணை தருகிறோம். தீர்வையை அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கடப்பிதழை நாம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவச் செலவும், ஊர் திரும்பும் செலவும் நம் பொறுப்பு. சம்பளம் எவ்வளவு என்பது அவர் கப்பலோ விமானமோ ஏறுமுன் அவர் மொழியிலேயே எழுத்தில் போக வேண்டும். 1893இல் தாதா அப்துல்லா தாமாகச் செய்தவற்றில் பல இன்று விதிகளாக வந்துவிட்டன.

விதி எட்டாத இடமும் உண்டு. ஊரில் முகவருக்குக் கொடுக்க வீட்டு நகையை அடகு வைத்துவிட்டு வருகிற தம்பிகளை நாம் அறிவோம். முதல் ஓராண்டு அவர்கள் உழைப்பது அந்தக் கடனுக்கே. இடையில் முதலாளி கடுமையாக நடந்தாலும், வேறிடம் மாறக் கேட்கத் துணிவு வராது. கடன் அவர்களைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பாலசுந்தரத்தைச் சட்டம் கட்டியது போலத்தான் இதுவும்.

ஆகவே நமது சங்கக் குடும்பங்களில் ஆள் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் எங்கள் வேண்டுகோள் இவைதான். முகவர் ஊழியரிடம் எவ்வளவு வாங்கினார் என்பதை ஊழியர் வாயாலேயே கேட்டறிவோம். போகவரப் பயணச் செலவை நாமே ஏற்போம். ஒப்பந்தம் முடிந்து வேறிடம் போக விரும்பும் தம்பியை முகம் சுளிக்காமல் அனுப்பிவைப்போம். விமான நிலையத்துக்கு நாமே போய் அழைத்து வருவோம். நம்மை நம்பி வருகிறவர் நம்மிடம் வந்த அமானிதம். அவர் ஊரில் அவருடைய தாயார் நம் பெயரைக் கேட்டு மனம் நிம்மதியாக இருக்க வேண்டும்.